சீர்வரிசை மெதுவாகத்தான் வரும்

ஆகஸ்ட் 12, திங்கள்

ஈஸ்வரி போன் செய்தாள். தேதி வந்துவிட்டது. செப்டம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குப் பட்டமளிப்பு விழா. மதுரையில் அவள் படித்த கல்லூரியிலேயே நடக்கிறது. கறுப்பு அங்கி வாடகைக்குக் கொடுப்பார்களாம். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு மேடையேற்றுவார்களாம். கூட வருகிறவர்களுக்கு இரண்டே இரண்டு பாஸ்.

"ரெண்டும் உங்களுக்கும் அம்மாவுக்கும்தாம்ப்பா" என்றாள்.

எம்.எஸ்சி. கணக்கு! நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவன். அதனால்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எனக்குப் பிறந்தவள் கணக்கில் இரண்டாவது பட்டம் வாங்குகிறாள் என்றால் யாரிடம் சொல்லி மாளும்?

பவளத்திடம் சொன்னேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம், "எனக்கு ஒரு புதுச்சேலை எடுக்கணும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரு தடவை மறுபேச்சே கிடையாது.

இந்த டைரி போன வருடம் நான் ரிட்டயர் ஆனபோது யூனியனில் கொடுத்தது. இதுவரை பால்காரர் வராத நாளை மட்டும்தான் குறித்து வந்தேன். இப்போது எழுத விஷயம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

டெப்போவுக்குப் போய்ச் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். முடிவெட்டப் போன இடத்தில் சொன்னேன். "போன வாரம்தானேண்ணே வெட்டுனீக?" என்று கேட்டான். சொல்வதற்காகத்தான் போனேன் என்றா சொல்ல முடியும்?

அவள் படித்த முதல் வருடம் முழுக்க என் பஸ்ஸில்தான் போனாள். தேனியிலிருந்து மதுரைக்கு அதிகாலை வண்டி. ஆண்டிபட்டியில் ஏறுவாள். அங்கேதான் அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கைக்குழந்தையை மாமியார் பேச்சியம்மாள் கையில் கொடுத்துவிட்டு ஓடி வருவாள். அந்தம்மாவுக்கு பஸ் ஸ்டாண்டிலேயே பூக்கடை. பேத்தியை ஒரு துண்டில் கிடத்திவிட்டுப் பூக்கட்ட உட்கார்ந்துவிடும். குழந்தையின் தலையில் எண்ணெயை வழிய வழிய வைத்துவிடும். எனக்குப் பிடிக்காது. நமக்கென்ன என்று இருந்துவிடுவேன்.

ஈஸ்வரிக்கு என் முதுகுக்குப் பின்னால் உள்ள சீட். ஆண்டிபட்டிக் கணவாய் வளைவுகளில்கூட நோட்டை மூட மாட்டாள். எனக்கு உள்கண்ணாடியில் அவள் நெற்றி மட்டும் தெரியும். அவளுக்கு எழுத்து ஆடக்கூடாது என்று வளைவில் மெதுவாகத்தான் திருப்புவேன். "என்ன டிரைவரே, மாட்டு வண்டியா ஓட்டுறீக?" என்று பின்னாலிருந்து குரல் வரும். கத்திவிட்டுப் போகட்டும். என் வண்டி, என் மகள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஃபிளக்ஸ் வைத்தாயிற்று. தேனியில் எங்கள் தெரு முக்கில் ஒன்று, ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் ஒன்று. ஆண்டிபட்டியில் வைத்ததுதான் பெரியது. அவள் வாழப்போன ஊருக்கும் தெரிய வேண்டாமா?

ஈஸ்வரி முகத்தை வேறு யாரோ அங்கி போட்ட உடம்பில் ஒட்டியிருக்கிறான் ஸ்டூடியோக்காரன். கை மட்டும் வெள்ளைக்காரி கை மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. ‘கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெறும் எங்கள் வீட்டுச் செல்வி’ என்று எழுதச் சொன்னேன். கல்யாணமானவளைச் செல்வி என்று போடலாமா என்று கேட்டான். எனக்குச் செல்விதான், போடுடா என்றேன்.

கீழே ‘வாழ்த்தும் உள்ளங்கள்’ என்று படங்கள். நான் காக்கி யூனிஃபார்மில். பவளம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் மகன் வனராஜ். டெப்போவில் மெக்கானிக்காக இருந்த காதர். பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஈஸ்வரி போனில் ஒரு பிடி பிடித்துவிட்டாள்.

"அப்பா, என்ன வேலை செஞ்சு வச்சிருக்கீங்க? ஃபிளக்ஸுல என் வீட்டுக்காரரு எங்க? அத்தை எங்க?"

இடம் போதவில்லை என்றேன்.

"காதர் மாமாவுக்கு இடம் இருந்துச்சுல்ல?"

"அவரு சும்மா ஓரத்துலதானம்மா நிக்கிறாரு."

"அத்தை கடைக்கு நேர் எதுத்தாப்புல கட்டியிருக்கீங்கப்பா. பூ வாங்க வர்ற அம்புட்டுப் பேரும், ‘என்ன பேச்சி, உன் போட்டோவக் காணோம்’னு கேக்குறாகளாம். காலையிலருந்து அது வாயே தொறக்கல. ரெண்டு வருசம் எம்புள்ளையப் பாத்துக்கிட்டது யாருன்னு நெனைச்சீங்க? நீங்களா?"

போனை வைத்துவிட்டாள். நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? உண்மையிலேயே இடம் போதவில்லை. நிச்சயதார்த்தத்தில் அந்தம்மா, "படிச்சது போதும்ண்ணே, இனி குடும்பத்தப் பாக்கட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஃபிளக்ஸைக் கழற்ற ஆண்டிபட்டி போனேன். ஏணி பிடிக்க ஆள் இல்லை. கம்பத்தில் நானே தொற்றி ஏறினேன். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

எதிரே பேச்சியம்மாள் பூக்கட்டிக்கொண்டிருந்தது. மடியில் என் பேத்தி மிதுனா. தலை நிமிராமலேயே சொன்னது: "ஏண்ணே கழட்டுறீக? இருக்கட்டும். கடைக்கு நல்ல நிழலா இருந்துச்சு."

சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி.

ஆகஸ்ட் 22, வியாழன்

மாப்பிள்ளை சௌந்தரபாண்டி பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார். மிதுனாவுக்குக் காதுகுத்து. ஆண்டிபட்டியில் அவர்கள் குலசாமி கோயிலில். தேதியைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். செப்டம்பர் எட்டு, ஞாயிறு. காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள்.

"அன்னைக்குத்தான மாப்ள விழா?"

"அம்மாகிட்டச் சொன்னேன் மாமா. பூசாரி குறிச்ச தேதி, மாத்த முடியாதுங்குது." மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

பேச்சியம்மாளுக்கு போன் போட்டேன். பவளம் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினாள். கேட்டேனா நான்?

"தங்கச்சி, அன்னைக்கு ஈஸ்வரி மதுரையில இருக்கணும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும்ண்ணே. அவ போகட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?"

"அம்மா இல்லாம புள்ளைக்குக் காது குத்துறதா?"

"அம்மா இல்லாட்டி என்ன? காது குத்த அம்மாவா வேணும்? மாமன் மடிதான வேணும். மாமன் சீரோட வந்து மடியில உக்கார வச்சாத்தான் ஆசாரி ஊசியத் தொடுவாரு. மாமன் வாராம ஒரு பய குத்த முடியாது. அதை மட்டும் மறந்துராதீக."

வைத்துவிட்டது. என்ன திமிர்! என் மகள் இல்லாமல் காது குத்துவார்களாம்.

ஆகஸ்ட் 24, சனி

ஈஸ்வரி விழாவுக்குப் போகவில்லை என்கிறாள். "தபால்ல அனுப்பிருவாகப்பா. விடுங்க. புள்ளை அழுகுறப்ப நான் பக்கத்துல இல்லாட்டி நாளைக்கு யாரு பேச்சு வாங்குறது? கௌரவம் பாக்காதீங்க."

கௌரவமா? தபாலில் ரேஷன் கார்டு வரும், பென்ஷன் பேப்பர் வரும். பட்டம் வரலாமா? கணவாய் வளைவில் நோட்டை மூடாமல் படித்தது தபால்காரன் கையால் வாங்குவதற்கா? அவள் மேடையேறித்தான் வாங்கப்போகிறாள். என்ன ஆனாலும் சரி. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். ஈஸ்வரி படத்தில் காக்கா எச்சம். அதையும் கழுவினேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கிடைத்துவிட்டது வழி! அதுவும் அந்தம்மா வாயிலிருந்தே.

மாமன் வராமல் குத்த முடியாது. அப்படியானால் மாமன் மெதுவாக வரட்டும்!

காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம். அந்த நேரத்தில் எவனும் நல்ல காரியத்தைத் தொட மாட்டான். சீர்வரிசை ஊர்வலம் பன்னிரண்டைத் தொட்டுவிட்டால் போதும், ஒன்றரை வரை தானாக நேரம் கிடைத்துவிடும். கணக்குத் துறையைத்தான் முதலில் கூப்பிடுகிறார்களாம். பதினொன்றரைக்குள் அவள் கல்லூரியை விட்டுக் கிளம்பிவிட்டால் ஒன்றேகாலுக்கு ஆண்டிபட்டி. முப்பது வருடம் அந்த ரோட்டில் ஓட்டியவன் சொல்கிறேன்.

பவளம் கேட்டுவிட்டு, "கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றாள். அப்புறம் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனாள். அவளுக்கும் சம்மதம் என்றுதானே அர்த்தம்?

ஈஸ்வரியிடம் போனில் சொன்னேன். "அத்தைக்குத் தெரிஞ்சா?" என்றாள். தெரியாது என்றேன். "நெசமா வந்து சேந்துருவேனாப்பா?" என்றாள். அந்தக் குரல் அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இருந்த குரல். வந்துவிடுவாய் என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

வனராஜிடம் போனில் பேசினேன். சிரிக்கிறான் பயல். "ஊர்வலத்த இழுக்கணும், அம்புட்டுத்தானே? உறுமி மேளக்காரங்ககிட்டச் சொல்லி நாலு ஆட்டம் போட்டாப் போச்சு."

காதர் இப்போது சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். ஈஸ்வரியையும் எங்களையும் அவர்தான் மதுரைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். "மொதல்ல என் போட்டோவப் போட்டு வம்புல இழுத்துவிட்ட, இப்ப வண்டிக்கும் நான்தானா?" என்றார். மறுக்கவில்லை.

எனக்கு வெள்ளைச் சட்டை தைத்து வந்துவிட்டது. கையில்லாத பனியனோடு போட்டுப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் உட்கார வேண்டும். கண் அவ்வளவு தூரம்தான் தெரிகிறது.

செப்டம்பர் 5, வியாழன்

வனராஜ் வந்துவிட்டான். நேரில் பார்த்ததும் சுருதி இறங்கிவிட்டது.

"அப்பா, யோசிச்சுப் பாத்தேன். நீங்களும் அம்மாவும் இல்லாம நான் மட்டும் சீர் கொண்டுபோனா அதுவே சந்தேகம். அப்புறம் பேச்சியத்தை ஒரு அதட்டுப் போட்டுச்சுன்னா நான் பாட்டுக்கு மடியில உக்கார வச்சிருவேம்ப்பா. எனக்கு அதைக் கண்டா பயம்."

"மாமன்காரன் பயப்படுறதாடா?"

"நீங்க பயப்படலையா?"

ஊர்வலத்தை இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். யார் கத்தினாலும் அசையாத ஆள். பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் வேகம் கூட்டாத ஆள்.

செப்டம்பர் 7, சனி

சீர்ச் சாமான் ஏற்ற மாப்பிள்ளை வந்தார். பாவாடை சட்டை, தோடு, பழத்தட்டு, இனிப்பு எல்லாம் எடுத்து வைத்தோம். கிடா ஒன்று தனியாக வருகிறது. வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி நானே வைத்தேன்.

அவர் கிளம்பும்போது என் பாஸை எடுத்து அவர் சட்டைப்பையில் செருகினேன்.

"என்ன மாமா இது? உங்களுக்குள்ளது."

"எனக்கு முழங்கால் வலி. அம்புட்டு நேரம் மடக்கி உக்கார முடியாது. நீங்க போங்க. உங்க பொண்டாட்டிதான?"

"எங்கம்மா என்னையத் தொலைச்சிரும் மாமா."

"உங்கம்மாவ நான் பாத்துக்கிறேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பையன்தான். ஃபிளக்ஸில் போட்டிருக்கலாம்.

பவளம் ராத்திரிச் சாப்பாடு வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவேயில்லை. வெள்ளைச் சட்டையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன். முழங்கால் வலிதான் காரணம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

விவரமாக எழுத வேண்டும். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் படுக்க மாட்டேன்.

விடியும் முன்பே காதர் காரில் பவளம் கிளம்பினாள். ஆண்டிபட்டியில் ஈஸ்வரியையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மதுரை போய்விட்டார்கள். நானும் வனராஜும் சொந்தக்காரர்கள் கொஞ்சப் பேரும் வேனில் ஆண்டிபட்டி போய் இறங்கினோம். பிள்ளையார் கோயிலிலிருந்து சீர் கிளம்ப வேண்டும். குலசாமி கோயில் அடுத்த தெருவுக்கு அடுத்த தெரு. நடந்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை நான் பன்னிரண்டு மணி வரை இழுக்க வேண்டும்.

முதலில் மேளக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு வடை. பிறகு மறுபடி டீ. "போதும்ண்ணே, வயிறு உப்பிருச்சுன்னா ஊத முடியாது" என்று நாயனக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். பத்தரைக்குக் கிளம்பினோம். வனராஜ் ஆடினான். அவன் ஆடுவான் என்றே எனக்குத் தெரியாது. பனியன் கம்பெனியில் இதைத்தான் கற்றுக்கொண்டான் போலிருக்கிறது. கிடா வேறு நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டது. அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மகராசன், நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தினேன். வாழ்த்துகிற நாளா அதற்கு!

நேர் வழியை விட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் திருப்பினேன். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனால் எல்லாரும் பின்னால்தானே வர வேண்டும்? வளைவில் மெதுவாகத் திருப்பினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. முழங்கால் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. உறுமிக்காரன் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, இந்தத் தெருவுக்கு ஏற்கெனவே வந்துட்டோம்" என்றான். "நீ அடி" என்றேன். பேச்சியம்மாளின் அண்ணன் எதிரே வந்து, "நேரம் போகுதுய்யா, சீரா கொண்டாறீக, ஊரச் சுத்திப் பாக்க வந்தீகளா?" என்று சத்தம் போட்டார். "சீர்வரிசைன்னா மெதுவாத்தாண்ணே வரும்" என்றேன். பல்லைக் கடித்தார். கடிக்கட்டும்.

நடக்க நடக்க மதுரையில் இப்போது என்ன நடக்கும் என்பதுதான் மனசில் ஓடியது. இப்போது அங்கி போட்டிருப்பாள். இப்போது வரிசையில் நிற்பாள். மேளச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. நின்று எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை எழுதியிருந்தார்: ‘வாங்கிட்டா மாமா. கிளம்பிட்டோம்.’

நடுத்தெருவில் தட்டோடு நின்று அழுதேன். வெயிலில் வேர்வை என்று நினைத்திருப்பார்கள். நினைக்காவிட்டாலும் எனக்கென்ன? என் மகள் எம்.எஸ்சி.

ஆனால் வாங்கியது பாதிதான். வந்து சேர வேண்டுமே! அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. பேச்சியம்மாளின் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் வந்து கிடாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள். வனராஜைக் கையைப் பிடித்து நடத்தினார்கள். கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. உள்ளே ஆசாரி பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பிள்ளையை உட்கார வைத்துக் குத்த எவ்வளவு நேரம் ஆகும்?

வாசலில் பேச்சியம்மாள். இடுப்பில் மிதுனா, கையில் ஆரத்தித் தட்டு. என்னை ஏற இறங்கப் பார்த்தது. வேர்வையில் நனைந்த சட்டை, புழுதி படிந்த கால். நான் தலை குனிந்துகொண்டேன்.

"மணி என்னண்ணே?"

சொன்னேன்.

"அம்புட்டுத்தான் ஆச்சா?" என்றது. ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தது. என் கையிலிருந்த தட்டில் துழாவியது. ஈரத்துணியோடு வெற்றிலைக் கட்டை எடுத்து, யார் கண்ணிலும் படாமல் முந்தானைக்குள் செருகிக்கொண்டது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம்:

"என்னண்ணே சீர் இது? வெத்தலை இல்லாம வந்திருக்கீக! வெத்தலை இல்லாத சீர எந்த வீட்டுல எடுப்பாக? எங்க சாமி ஏத்துக்காது. போங்க, போயி வாங்கிக்கிட்டு முறையா இன்னொரு சுத்து வாங்க!"

அதன் அண்ணன் குறுக்கே வந்தார். "ஏ பேச்சி, நேரம் முடியப்போகுது."

"முடிஞ்சா ஒண்ணரைக்கு மேல குத்திக்கிருவோம். புள்ளைக்குக் காது எங்கயும் போயிறாது."

என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டது: "கணவாய் தாண்டிட்டாகளா?"

"இன்னும் உசிலம்பட்டியே வரல" என்றேன்.

"அப்ப மெதுவாவே வாங்க."

அந்தச் சுற்றில் முழங்கால் வலிக்கவே இல்லை.

எமகண்டத்தில் எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். பேச்சியம்மாள் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "தங்கச்சி, அந்த ஃபிளக்ஸு வந்து..."

"விடுங்கண்ணே. இடம் பத்தியிருக்காது."

மோரைக் குடித்துவிட்டு டம்ளரை நானே கழுவிக்கொண்டுபோய் வைத்தேன்.

ஒன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் காதர் கார் புழுதி பறக்க வந்து நின்றது. ஈஸ்வரி கறுப்பு அங்கியோடு இறங்கி ஓடி வந்தாள். அங்கியைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றால் நேரமாகிவிடும் என்று அப்படியே வந்துவிட்டாளாம். கோயிலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மிதுனாவுக்கு அடையாளம் தெரியவில்லை, வக்கீல் வந்துவிட்டார் என்று நினைத்தாளோ என்னவோ, அப்பத்தா கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டாள்.

ஈஸ்வரி தலையில் ஒரு முழம் அடர்த்தியான மல்லிகை. கசங்கியிருந்தது. "இதெங்கம்மா வாங்குன, மதுரையிலயா?" என்று கேட்டேன்.

"காலையில கிளம்பும்போது அத்தைதாம்ப்பா வச்சுவிட்டாங்க. பூவ வச்சு, தலையத் திருப்பிப் பாத்துட்டு, போயிட்டு வான்னாங்க."

காலையிலேயே!

வனராஜ் மடியில் மிதுனா உட்கார்ந்தாள். ஈஸ்வரி முன்னால் மண்டி போட்டு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பேச்சியம்மாள் பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டது. ஆசாரி குத்தினார். பிள்ளை அலறிய அலறலில் எல்லாரும் சிரித்தோம். ஈஸ்வரி மட்டும் அழுதாள். அங்கிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பவளம் எடுத்த வீடியோவை ராத்திரி பார்த்தேன். முழுக்க அவள் கட்டைவிரலும் சீலிங் ஃபேனும்தான். புதுச்சேலை கட்டிய ஆளுக்கு போனை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை. ஆனால் பேர் கேட்கிறது. ‘சங்கரேஸ்வரி தவசி’ என்று மைக்கில் ஒருவர் வாசிக்கிறார். என் பேரும் சேர்ந்து வருகிறது. கைதட்டல் கேட்கிறது. எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்பதை எழுத மாட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

அங்கியைத் திருப்பிக் கொடுக்க நானே மதுரை போனேன். வனராஜ் போகிறேன் என்றான், விடவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். அங்கியை வாங்கியவர், "நேத்தே தரணும் சார்" என்று கொஞ்சம் கடிந்துகொண்டார். தலையாட்டினேன்.

பெரிய ஹால் திறந்திருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் நேற்றைய பூ வாடிக் கிடந்தது. இரண்டாவது வரிசையில் இன்னும் எடுக்காத நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். ஒரு பெண் கூட்டிக்கொண்டே வந்து, "யாரப் பாக்கணும் சார்?" என்று கேட்டாள்.

"நேத்து வர முடியலம்மா" என்றேன்.

என்ன புரிந்ததோ, என்னைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரிசையிலிருந்து நன்றாகவே தெரிகிறது. இரண்டு கையையும் தட்டினேன். சத்தம் பெரிதாகத்தான் கேட்டது. பிறகு எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் புது ஃபிளக்ஸ் கட்டினோம். போன தடவையைவிடப் பெரிது. காதரும் வனராஜும் ஏணி பிடித்தார்கள்.

ஈஸ்வரி அங்கியோடு நிற்கிறாள். இந்தத் தடவை அவள் கைதான், ஒட்டுக் கை இல்லை. பக்கத்தில் சரிக்குச் சரியாகப் பேச்சியம்மாள், இடுப்பில் புதுத்தோடு போட்ட மிதுனா. கீழே மாப்பிள்ளை, பவளம், வனராஜ். ‘பட்டம் பெற்ற மகளையும், பெற வைத்த மாமியாரையும் வாழ்த்துகிறோம்’ என்று எழுதச் சொன்னேன்.

பேச்சியம்மாள் கடையை விட்டு எழுந்து வந்தது. இடுப்பில் கை வைத்து அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தது. "எம் மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு?" என்றது. பிறகு ஓரமெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பியது.

"உங்க போட்டோ எங்கண்ணே?"

"இடம் பத்தல தங்கச்சி" என்றேன்.